மூன்றாம் பக்கத்தில் ஒரு திருத்தம்

மகள் கடைசியாக என்னிடம் கேட்டது ஒரு பழைய போர்வை. கம்பளம் கழுவும் மிஷினின் தொட்டியை எவ்வளவு கவிழ்த்து வடித்தாலும் அரை டம்ளர் தண்ணீர் உள்ளே நின்றுவிடும், அது காரின் பின்சீட்டை நனைத்துவிடும் என்றாள். அலமாரியின் கீழ்த்தட்டில் ஓரம் நைந்த நீலப் போர்வை ஒன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்றேன். இரண்டாக மடித்துச் சீட்டின் மேல் போட்டு, மிஷினைப் படுக்க வைத்து, குழந்தைக்குப் போடுவதுபோல் அதற்குச் சீட் பெல்ட்டையும் மாட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி இருக்கும்.

ஐயா, மின் ஆய்வுத் துறையிலிருந்து நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து போய் ஆறு வாரம் ஆகிறது. ஏதாவது நினைவுக்கு வந்தால் எழுதி அனுப்புங்கள் என்று ஒரு முகவரியைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். எனக்குப் புதிதாக எதுவும் நினைவுக்கு வரவில்லை. எதுவும் மறக்கவும் இல்லை. போன வாரம் உங்கள் அறிக்கையின் நகல் தபாலில் வந்தது. மருமகன் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வரிகூட எழுதவில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தின் கீழ் மட்டும் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்.

நான் முப்பத்தோரு வருடம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள். எந்தத் தாள் கைக்கு வந்தாலும் கண் முதலில் பிழையைத்தான் தேடும். உங்கள் அறிக்கை சுத்தமாக இருக்கிறது. நான்கு பக்கத்தில் ஒரே ஒரு எழுத்துப்பிழை, அதுவும் தட்டச்சு செய்தவருடையது. மருமகன் கோடு போட்ட வாக்கியம் இது: ‘மேற்கண்ட இரண்டு குறைபாடுகளும், எந்திரத்தைப் பழுதுபார்த்த முதியவரின் மறதியால் நேர்ந்தவை.’ வாக்கியம் சரியாகத்தான் இருக்கிறது. விஷயம் தவறு. அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன்.

அந்த மிஷின் எங்கள் வீட்டுக்கு வந்தபோது மகளுக்கு ஆறு வயது. கம்பளத்தின் மேல் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி, பிரஷ்ஷால் தேய்த்து, அழுக்குத் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் மிஷின். நீண்ட குழாயைப் பார்த்துவிட்டு அவள் அதற்கு யானை என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயரே நின்றுவிட்டது. குழாயில் அழுக்கு அடைத்துக்கொண்டால் என் வீட்டுக்காரர், “யானைக்குச் சளி பிடிச்சிருக்கு” என்பார். அவள் பெரியவளாகி, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகிப் போன பிறகும், போனில் என்னிடம் “பாகன் என்ன பண்றார்?” என்றுதான் அப்பாவை விசாரிப்பாள்.

அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் எந்திரங்களைப் பராமரித்தவர். ஒரு நாளில் ஆயிரம் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழியும் எந்திரங்கள். அவற்றோடு பழகிய கைக்கு வீட்டு மிஷின் எல்லாம் விளையாட்டுச் சாமான். ஆனாலும் விளையாட்டாகச் செய்ய மாட்டார். தரையில் ஒரு செய்தித்தாளை விரிப்பார். கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் அதன் மேல் வைத்து, சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் அது எங்கே போக வேண்டும் என்று எழுதுவார். ‘பம்பு இடது.’ ‘மோட்டார் மேல்.’ திரும்பப் பூட்டி முடித்ததும் தாளில் வெறும் வட்டங்கள்தான் இருக்க வேண்டும். ஒரு வட்டத்தில் ஏதாவது மிச்சம் இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் காய்கறி நறுக்கிக்கொண்டோ புரூஃப் தாளோடோ நான் உட்கார்ந்திருப்பேன். முப்பது வருடம் ஒரு மனிதன் ஒரே மிஷினைக் கழற்றிப் பூட்டுவதைப் பார்த்தால் யாருக்கும் அந்த வேலை வந்துவிடும். எனக்கும் வந்திருந்தது. அது அவருக்குத் தெரியாது. எனக்கே தெரியாது.

இரண்டு வருடம் முன்பு ஒருநாள் அவர் யானையைப் பூட்டி முடித்துச் சுவிட்சைப் போட்டார். அடியிலிருந்து தண்ணீர் கொட்டிக் கூடம் முழுக்க ஓடியது. செய்தித்தாளில் ஒரு வட்டத்துக்குள் ரப்பர் வாஷர் அப்படியே கிடந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் மடிமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டபோது வரவில்லை.

“தலை மறந்தா பரவாயில்லம்மா” என்றார். “கை மறந்துடுச்சு.”

மறதி அதற்கு முன்பே வந்துவிட்டது. பெயர்கள் போயிருந்தன, கிழமைகள் போயிருந்தன. அவற்றையெல்லாம் அவர் சிரித்துச் சமாளித்துக்கொண்டார். இதற்கு அவரால் சிரிக்க முடியவில்லை. மறுநாள் காலை அவர் குளிக்கப் போனதும் நான் யானையைத் திறந்து வாஷரை அதன் இடத்தில் போட்டு மூடினேன். பத்து நிமிடம்தான் ஆயிற்று. குளித்து வந்தவர் தலையைத் துவட்டிக்கொண்டே காலால் சுவிட்சைத் தட்டினார். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

“பாத்தியா, ஒரு ராத்திரி காய விட்டா தானா சரியாயிடும்” என்றார்.

ஆமாங்க என்றேன். அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

இதை நான் ஏமாற்று வேலையாக நினைக்கவில்லை. அச்சகத்தில் என் வேலையே இதுதான். பெரிய பெரிய படிப்பாளிகள் எழுதிய புத்தகங்களில் ஆண்டு தப்பாக இருக்கும், நதி தப்பான ஊரில் ஓடும், முதல் அத்தியாயத்தில் செத்தவர் நான்காம் அத்தியாயத்தில் கடிதம் எழுதுவார். நான் ஓசைப்படாமல் திருத்திவிடுவேன். எழுதியவரின் முகத்துக்கு நேரே திருத்தக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த மரியாதை. ஒரு பேராசிரியர், தன் கையெழுத்துப் பிரதியில் பிழையே இருக்காது என்று எங்கள் முதலாளியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது நான் அடுத்த மேசையில் அவருடைய பிழைகளில் பாதியைத் திருத்தி முடித்திருந்தேன். புத்தகம் அவர் பெயரில் வந்தது. அதுதான் முறை.

ஆகவே இரண்டு வருடம் அவர் பூட்டியதை நான் திருத்தினேன். அவர் வாரத்துக்கு ஒருமுறை யானையைப் பிரித்தார். பழுது இருந்ததால் அல்ல, பூட்டிய பிறகு அது ஓடியதால். குளிக்க இருபது நிமிடம் எடுத்துக்கொள்வார். தண்ணீர் விழும் சத்தம் நின்றால் எனக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் அரை நிமிடம். அவருடைய செய்தித்தாளைப் புரூஃப் படிப்பதுபோல் படிப்பேன். எந்த வட்டத்தில் மிச்சம் இருக்கிறது, எந்த வட்டத்தில் ஒரே பெயரை இரண்டு தடவை எழுதியிருக்கிறார் என்று பார்ப்பேன். திருப்புளியை எந்தப் பக்கம் பார்த்து வைத்திருந்தாரோ அதே பக்கம் பார்த்துத் திரும்ப வைப்பேன். உண்மையைச் சொல்லத்தான் எழுதுகிறேன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அது பிடித்திருந்தது. ஓய்வு பெற்ற பிறகு என்னைத் தேடி வந்த ஒரே வேலை அது.

டாக்டரிடம் கூட்டிப்போனபோது, வீட்டில் ஏதாவது வேலை செய்கிறாரா, அதில் தடுமாற்றம் உண்டா என்று கேட்டார். மிஷினையெல்லாம் இவரே பழுதுபார்க்கிறார் என்றேன். டாக்டர் ஆச்சரியப்பட்டு எழுதிக்கொண்டார். என் வீட்டுக்காரர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அவரிடம், “உங்க ஏசி சத்தம் சரியில்ல, ஒருநாள் வந்து பாக்கறேன்” என்றார்.

மகளை ஏமாற்றுவதுதான் சிரமமாக இருந்தது. அவள் பரிசோதனைக் கூடத்துக்காரி. சொல்வதை நம்ப மாட்டாள், எடுத்துப் பார்ப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது அவர் அவளிடம் ஒரே கேள்வியை நான்கு தடவை கேட்டார். நான்கு தடவையும் அவள் முதல் தடவைபோலவே பதில் சொன்னாள். பிறகு சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றின் படிவம். பாதி நிரப்பியிருந்தாள்.

“மறைக்காதீங்கம்மா. நீங்க ஒண்டியா எத்தனை நாளைக்குச் சமாளிப்பீங்க?”

“என்னத்தை மறைக்கறேன்? யானையைப் பிரிச்சு மாட்டற மனுஷனை எந்த இல்லத்துல சேப்பே?”

“அவர்தான் மாட்டறாரா?”

“வேற யாரு, நானா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வர ஒரு காரணம் இருந்தது.

அவளே ஒரு வழி சொன்னாள். புது வீட்டுக்கு அவர்கள் குடிபோக இருந்தார்கள். முன்பு இருந்தவர்கள் நாய் வளர்த்தவர்கள். கம்பளமெல்லாம் நாற்றம். யானை தேவைப்பட்டது. அதன் பழைய மின் கயிறு ஆங்காங்கே வெடித்திருந்தது. அப்பா அதைப் புதிதாக மாற்றித் தரட்டும், வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வருகிறேன், என் முன்னால் திறந்து காட்டி ஓட்டிக் காட்டட்டும். “முன்ன மாதிரி பண்ணினார்னா இந்த ஃபாரத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன். இல்லேன்னா நீங்க கையெழுத்துப் போடணும்” என்றாள். சரி என்றேன். அவளுடைய பேரம் நியாயமானது.

வியாழக்கிழமை முழுக்க அவர் உட்கார்ந்து வேலை செய்தார். புதுக் கயிற்றை மிஷினின் அடித்தட்டு வழியாக உள்ளே கொண்டுபோய்ப் பழுப்புக் கம்பியையும் நீலக் கம்பியையும் மாட்டினார். இரண்டையும் சரியாக மாட்டியிருந்தார், அதை நீங்கள் அறிக்கையில் குறிப்பிடவில்லை. பச்சைக் கம்பியை, அதாவது எர்த்தை, மேலே கைப்பிடித் தண்டுக்குப் பின்னால் உள்ள சின்ன மூடிக்குள் திருகாணி போட்டு முடுக்கினார். அதுவும் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மகள் நாலு மணிக்கு வந்தாள். அவர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். எதற்கு என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் ஏதோ தெரிந்திருந்தது. செய்தித்தாளை விரித்து, கைப்பிடிக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்து அவளுக்குக் காட்டினார். பச்சைக் கம்பியைக் கழற்றி, அதன் அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்த இடத்தைக் காட்டினார்.

“துரு மேல மாட்டினா பிரயோஜனம் இல்ல. இந்தக் கம்பி சும்மாவே உக்காந்திருக்கும். ஒரு வேலையும் செய்யாது. வேலை வர்ற அன்னிக்கு உயிரைக் காப்பாத்தும்.”

“நம்ம அம்மா மாதிரி” என்றாள் மகள்.

“அம்மா சும்மாவா உக்காந்திருக்கா? வாய் ஓஞ்சிருக்கா பாரு.”

மூவரும் சிரித்தோம். அந்த நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. மருமகன், திரைச்சீலையின் அளவு கேட்டார். அவள் பேசிவிட்டு வருவதற்குள் இவர் மூடியைப் பூட்டிவிட்டு எழுந்துவிட்டார். கூடத்துக் கம்பளத்தின் மேல் யானையை ஓட்டினார். தொட்டியில் கறுப்புத் தண்ணீர் ஏறியது. மோட்டாரின் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. மகள் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து சின்னப் பெண்போல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்து, நான்காகக் கிழித்து, என் கையில் கொடுத்தாள்.

“நான்தான் தப்பா நினைச்சுட்டேன்மா. அப்பா நல்லாத்தான் இருக்கார்.”

அவர்கள் இருவரும் தொட்டியைக் கொட்டக் குளியலறைக்குப் போனார்கள். உள்ளேயிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டன. நான் செய்தித்தாளை மடிக்கக் குனிந்தேன். ஒரு வட்டத்துக்குள் சின்னப் பித்தளைத் திருகாணி ஒன்று கிடந்தது. வட்டத்துக்குள் அவர் எழுத்தில் ‘பச்சை’ என்று இருந்தது.

அது என்ன என்று எனக்குத் தெரியுமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்ல கேள்வியாக இருந்திருக்கும். தெரியும். பத்து நிமிடத்துக்கு முன்புதான் அதன் பயன் என்ன என்று விளக்கமாகக் கேட்டிருந்தேன். மூடியைத் திறந்து அதை மாட்ட நாலு நிமிடம் போதும். ஆனால் அவர் குளிக்கப் போகவில்லை. நான் நிமிர்ந்தபோது குளியலறையிலிருந்து திரும்பி வந்து எதிரே நின்றிருந்தார், மகளின் தோளில் கை வைத்துக்கொண்டு. திருகாணியை வலது கையில் மூடிக்கொண்டேன். மகள் போர்வை கேட்டபோது இடது கையால்தான் எடுத்துக் கொடுத்தேன்.

எர்த் இல்லாவிட்டாலும் மிஷின் ஓடும். உள்ளே வேறு கோளாறு இல்லாதவரை ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. நீங்களே அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை புது வீட்டைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. அவர் மகளோடு வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது நான் அதை மாட்டிவிடலாம். அன்று மாலை ஏழு மணிக்கு மகளுக்குப் போன் செய்தேன். அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“யானையை ஞாயித்துக்கிழமை வரைக்கும் எடுக்காதே” என்றேன்.

“ஏம்மா?”

அவர் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

“கம்பளம் காய வெயில் வேணுமில்ல. மப்பா இருக்கு” என்றேன்.

“சரி சரி, பாக்கறேன்” என்று சிரித்தாள்.

காரணம் சொன்னால் கேட்கக்கூடிய பெண் அவள். நான் சொன்ன காரணம் வெயில். மறுநாள் காலை நல்ல வெயில் அடித்தது.

மருமகன் மாற்றுச் சாவி செய்யப் போயிருந்தார். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கம்பளம் ஈரம், அவள் வெறும் காலோடு இருந்தாள், கைப்பிடி இரும்பு. இவையெல்லாம் உங்கள் அறிக்கையில் இருக்கின்றன. அந்த வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் தானாகத் துண்டிக்கும் கருவி பொருத்தப்படவில்லை என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். அது அந்த வீட்டின் உரிமையாளருடைய குற்றம், என் பாரத்தை அது குறைக்காது.

போனை நான்தான் எடுத்தேன். நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் நின்றுகொண்டே கேட்டார். அழவில்லை. “எர்த் குடுத்திருந்தேனே” என்றார். அது ஒன்றைத்தான் சொன்னார். சாயங்காலம்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாங்க, குடுத்திருந்தீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் நீங்கள் வந்தீர்கள். சோபாவில் உட்கார்ந்து அவரிடம் பொறுமையாகத்தான் கேட்டீர்கள். அன்று அவருக்குத் தெளிவான நாள். மகள் இல்லை என்பது தெரிந்திருந்தது.

“நான்தான் பூட்டினேன். என் வேலைதான்” என்றார்.

“வேற யாராவது அந்த மிஷினைத் திறந்தாங்களா?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. துக்க வீட்டில் சிரித்தது உங்களுக்கு வினோதமாக இருந்திருக்கும். “என் மிஷினை வேற யாரு சார் தொடுவா?” என்றார்.

நீங்கள் என் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். டீக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்டேன். பாதி கரண்டி போதும் என்றீர்கள்.

இப்போது வெள்ளிக்கிழமை காலை. உங்கள் அறிக்கையில் நான்காம் எண் போட்ட புகைப்படம் ஒன்று இருக்கிறது. அடித்தட்டின் விளிம்புக்குக் கீழே நசுங்கி, மேலுறை வெட்டுப்பட்டுக் கிடக்கும் பழுப்புக் கம்பி. தட்டு போட்டபோது கம்பி அடியில் அகப்பட்டிருக்கிறது, முதலில் மேலுறை முழுதாக அறுபடவில்லை, காரில் குலுங்கியதிலும் ஓட்டத்தின் அதிர்விலும் அறுபட்டு இரும்பைத் தொட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் குறைபாடு இல்லாதிருந்தால் எர்த் விடுபட்டதால் மட்டும் உயிர்ச்சேதம் நேர்ந்திருக்காது என்பதும் உங்கள் வாக்கியம்தான். அதை நான் பதினோரு தடவை படித்தேன்.

அந்தத் தட்டை அவர் பூட்டவில்லை. அவர் வியாழக்கிழமை பூட்டிய தட்டு சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அவர் குளிக்கப் போனதும், எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நான் திறந்தேன். உள்ளே ஒரு பிழையும் இல்லை. கயிற்றைப் பிடிக்கும் கவ்வி மட்டும் கொஞ்சம் கோணலாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். கோணலாக அச்சாகும் வரியை என்னால் விட முடியாது. கவ்வியைத் தளர்த்தி, கம்பிகளை ஒதுக்கி, நேராக்கினேன். அன்று சவரம் செய்ய வேண்டும் என்பதால் அவர் சீக்கிரம் குளித்துவிட்டார். தண்ணீர்ச் சத்தம் நின்றதை நான் கவனிக்கவில்லை. தாழ்ப்பாள் சத்தம்தான் கேட்டது.

தட்டை வைத்தேன். ஒரு மூலை உட்காரவில்லை. அரிசி அளவு தூக்கிக்கொண்டு நின்றது. பெட்டியை மூடும்போது துணியின் ஓரம் அகப்பட்டால் கைக்குத் தெரியுமே, அப்படித் தெரிந்தது. அடியில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். திறந்து பார்க்க நேரம் இல்லை. உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு திருகாணியை முடுக்கினேன். கொஞ்சம் எதிர்த்தது. இன்னும் முடுக்கினேன். உட்கார்ந்துவிட்டது. திருப்புளியை அவர் வைத்திருந்த பக்கம் பார்த்து வைத்துவிட்டு, அவர் கூடத்துக்கு வரும்போது நான் கம்பளத்தின் மேல் ஒரு நூலைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

“என்ன தேடறே?” என்றார்.

“ஒண்ணுமில்லீங்க” என்றேன்.

ஆகவே இரண்டு குறைபாடுகளில் ஒன்றுதான் அவருடையது. அதையும் நான் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். தட்டின் மூலை உட்காராததை மாலையில் நான் நினைத்துப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். திருகாணியை மூடிய கையோடு கார் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நினைத்தேன். மிஷின்தான் ஓடியதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மகளை நிறுத்தி நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த நாலு வார்த்தையில் இரண்டு வருடமும் வெளியே வந்திருக்கும். கிழித்த படிவம் மேசைமேல் கிடந்தது. என் மகளை நான் கொன்றேன், ஐயா. அவர் இல்லை.

மருமகன் தன் வாசலில் என் வீட்டுக்காரரைக் காலெடுத்து வைக்க விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மகளின் பொருள்களைப் பிரித்துக் கொடுக்கக்கூட எங்களைக் கூப்பிடவில்லை. மருமகனைக் குறை சொல்ல மாட்டேன், உங்கள் அறிக்கையைத்தான் அவர் நம்புகிறார். மூன்றாம் பக்கத்தில் அந்த ஒரு வரியை மாற்றி அவருக்கு ஒரு நகல் அனுப்பிவையுங்கள். வெறுக்க வேண்டிய ஆளை அவர் வெறுக்கட்டும். எங்கள் வீட்டுக்கு மட்டும் அனுப்ப வேண்டாம். என் வீட்டுக்காரர் தபாலைப் பிரித்துப் படிப்பார். மகளை மறந்துவிடுகிறார், படிக்க மறக்கவில்லை. இப்போதெல்லாம் பெரும்பாலான நாள்களில் அவருக்கு அவள் புது வீட்டில் இருக்கிறாள். யானை எப்படி ஓடுதாம் என்று சாப்பிடும்போது கேட்பார். நல்லா ஓடுதாம் என்பேன். முதலில் இரண்டு தடவை உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவையும் அவர் அதை முதல் தடவையாகக் கேட்டார். மூன்றாவது தடவை என்னால் முடியவில்லை.

நீங்கள் எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன். அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்ய ஒரு நாள் அவகாசம் மட்டும் வேண்டும். இனி அவரை இப்படிப் பாதுகாப்பதால் பயன் இல்லை என்பது எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. அவர் கைக்கு எட்டாமல் பெட்டியிலிருந்து திருப்புளிகளை எடுத்து ஒளித்துவைத்தேன். இரண்டு நாள் அவர் வீடு முழுக்கத் தேடினார். மூன்றாம் நாள் கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பார்க்கச் சகிக்கவில்லை, திரும்ப வைத்துவிட்டேன்.

மேல்மாடியில் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அவர்களுக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. மாடிப்படியில் அந்த வீட்டுப் பெண்ணிடம் இவர் தன் ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லியிருக்கிறார். நேற்று அவள் சூடேறாத இஸ்திரிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். இவர் சாயங்காலம்வரை அதோடு உட்கார்ந்திருந்தார். இன்று காலை அவர் குளித்து முடிப்பதற்குள் நான் அதைச் சரிசெய்து வைத்துவிட்டேன். நன்றாகச் சூடேறுகிறதாம்.